ஏழாவது கட்டத்தில் ஒரு பெயர்

குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் அவளை எல்லோரும் ரூட்டு மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் இருப்பவரே கொஞ்சம் யோசிப்பார். ரூட்டு மேடம் என்றால் போதும், மூன்றாவது மாடியைக் காட்டிவிடுவார். வயது நாற்பத்தாறு, சர்வீஸ் பத்தொன்பது வருஷம். முதல் பத்து வருஷம் சொந்த ஊர்க் கிளையில் நிம்மதியாக இருந்தாள். அப்புறம், ஆறே ஆறு மாதம் வந்து கைகொடுங்கள் என்று தலைமை அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அந்த ஆறு மாதம் ஒன்பது வருஷமாக முடிந்தபாடில்லை.

கணவர் ஊரில் பள்ளி ஆசிரியர். மகளும் அவரோடுதான். இவள் கிளம்பி வந்தபோது மகளுக்கு ஏழு வயது, இப்போது பதினாறு. இவள் இங்கே ஒரு மாடி அறையில் தனியாகக் காலம் தள்ளினாள். அந்த அறையில் ஒரே ஜன்னல். திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். மழை பெய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால்கூட மாடிப்படி இறங்கி வர வேண்டும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறுவாள். ஞாயிறு சாயங்காலம் திரும்பி விடுவாள். மகள் இன்னும் இரண்டே வருஷம் வீட்டில் இருப்பாள். அதற்கப்புறம் கல்லூரி, ஹாஸ்டல், அவளுடைய வாழ்க்கை. இந்த இரண்டு வருஷத்தையும் கோட்டை விட்டால் பிறகு மாற்றல் கிடைத்து என்ன, கிடைக்காமல் என்ன? அந்தக் கணக்கு அவள் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

மாற்றலுக்கு ஆறு முறை விண்ணப்பித்தாள். ஆறு முறையும் படிவம் போன வேகத்தில் திரும்பி வந்தது. மேலாளர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு முறையும் உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, "உங்களை விட்டா இங்க யாரும்மா இருக்கா?" என்பார். இவள் ஊருக்குப் போன் போட்டு, "விட மாட்டேங்கறாங்க" என்று புலம்புவாள். புலம்பலில் பொய் இல்லை. ஆனால் மேலாளர் சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் ஒரு சொல் விடாமல் கணவரிடம் ஒப்பிப்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் லேசாக நிமிர்ந்துகொள்ளும். அது அவளுக்குத் தெரியாது. கேட்ட கணவருக்குத் தெரிந்திருக்கலாம், அவர் பொறுமைசாலி.

அப்படி என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களுக்கு: வாரியத்துக்குச் சொந்தமான ஒவ்வொரு நீரேற்று நிலையத்திலும் ஒரு ரவுட்டர் உண்டு. பம்ப் ஓடுகிறதா, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, கதவை யார் திறந்தார்கள் என்ற தகவலெல்லாம் அதன் வழியாகத்தான் தலைமை அலுவலகத்துக்கு வரும். நிலையத்துக்கு ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தலைமை ரவுட்டரில் ஒரு பட்டியல். முந்நூற்று எண்பத்தாறு வரி. அதில் எந்த வரி எதற்கு, எதை எடுத்தால் எது சரியும் என்பது உலகத்தில் ஒரே ஒரு தலைக்குள் இருந்தது. எழுதி வைக்கலாமே என்று யாராவது சொன்னால், "எழுதி முடிக்கறதுக்குள்ள மாறிடும்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவள் பக்கத்து மேஜையில் மீட்டர் அண்ணன் இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. முன்பு வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். மீட்டர்கள் தாமாகவே கணக்குச் சொல்லப் பழகியபின் அவரை என்ன செய்வதென்று தெரியாமல் ஏழு வருஷம் முன்பு இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஆமை வேகம். கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் ஒரு நடை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். எப்போதும் ஒரு நோட்டில் பென்சிலால் ஏதோ கட்டம் போட்டுக்கொண்டிருப்பார். சும்மா பொழுதைப் போக்குகிறார் என்பது அவள் முடிவு. மூன்று முறை அவராக வந்து, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார். மூன்று முறையும் அவள் சிரித்து, அது பெரிய தலைவலி, உங்களுக்கு எதற்கண்ணா என்று அனுப்பிவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள் என்று அவள் நம்பினாள்.

இந்த வருஷம் மேலாளர் ஒரு வழி சொன்னார். பட்டியலைப் பார்த்தால் தனக்கே புரிகிற மாதிரி செய்து கொடுத்து, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் படிவத்தையும் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார். அவளுக்கு அது போதும். ஒரு தெருவுக்குப் போக ஒன்றாம் வீடு இப்படி, இரண்டாம் வீடு இப்படி என்று வீட்டுக்கு ஒரு வரி எழுதுவானேன்? தெரு முழுக்க இப்படி என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். வடக்கு வட்டாரத்துக்கு ஒரு வரி, தெற்கு வட்டாரத்துக்கு ஒரு வரி என்று முந்நூற்று எண்பத்தாறையும் ஒன்பதாகச் சுருக்கினாள். கூடவே ஒரு ஃபில்டர்: இதுவரை மற்ற ரவுட்டர்கள் சொல்லும் புது எண்ணையும் ஏற்றுக்கொண்ட தலைமை ரவுட்டர், இனி இந்த ஒன்பதைத் தவிர வேறு எவன் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஒரே ஒரு இடம் இடித்தது. பதினேழாம் எண் நிலையம். அது வடக்கு வரிசை எண். ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்னால் அதன் கேபிள் அறுந்தபோது இவள்தான் அவசரத்துக்கு அதைத் தெற்கு ரவுட்டரில் மாட்டினாள். எண்ணை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை. தெருவை மொத்தமாகச் சுருக்கினால் பதினேழுக்கு வருவதையெல்லாம் வடக்கு ரவுட்டர் என்னுடையதுதான் என்று வாங்கிக்கொள்ளும். அப்படி ஒரு வீடு தன்னிடம் இல்லை என்று கண்டதும் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடும். ஆகவே முதலில் அந்த நிலையத்துக்குத் தெற்கு எண் கொடுக்க வேண்டும். தெற்குக்கு உரியவை அறுபத்து நான்கு முதல் நூற்று இருபத்தேழு வரை. அதில் தொண்ணூற்றைந்து வரை எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. தொண்ணூற்றாறைக் கொடுப்பதென்று முடிவு செய்தாள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வெளியே போகிறவர்கள் எழுதும் பதிவேட்டில், "தெற்கு - பணி" என்று மட்டும் கிறுக்கினாள். எந்த நிலையம் என்று எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்?

நிலையம் ஒரு மணி நேரத் தொலைவு. ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, பாதி தரைக்குக் கீழே இறங்கிய கான்கிரீட் அறை. முன்பு காவல்காரர் ஒருவர் இருந்தார். கேமரா வந்தபின் ஆள் தேவையில்லை என்று வாரியம் முடிவெடுத்தது. அந்தப் பரிந்துரையில் கையெழுத்துப் போட்டவர்களில் இவளும் ஒருத்தி. அட்டையைக் காட்டினாள். கதவருகே இருந்த பெட்டி தலைமை அலுவலகத்தைக் கேட்டது, அனுமதி வந்தது, இரும்புக் கதவு திறந்தது, அவள் நுழைந்ததும் தானே சாத்திக்கொண்டது. ஒருமுறை செம்புக் கம்பி திருடு போனதிலிருந்து வெளியே போகவும் அட்டை காட்டி, அதே மாதிரி தலைமை அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். பக்கத்தில் அவசரத்துக்குத் திறக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதன் மேல் 'பழுது' என்று எட்டு மாதமாக ஒட்டியிருந்தது.

லேப்டாப்பில் இரண்டு ஜன்னல் திறந்தாள். ஒன்று எதிரே இருந்த ரவுட்டர், கேபிள் போட்டு நேராக இணைத்தது. இன்னொன்று தலைமை ரவுட்டர். இரண்டும் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து; பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். முதலில் இங்கே பதினேழைத் தொண்ணூற்றாறாக மாற்றினாள். எல்லாம் முடிந்தபிறகுதான் சேமிப்பது அவள் பழக்கம். தலைமை அலுவலக இணைப்பு இருக்கிறதென்று கதவுப் பெட்டியில் பச்சை விளக்கு; அதே ரவுட்டர் வழியாகப் பேசும் மேஜைப் போனிலும் ஒலி. சரி.

அடுத்தது தலைமை ரவுட்டர். தூரத்தில் இருக்கும் ரவுட்டரில் கைவைக்கும் முன் அவள் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பத்து நிமிஷத்தில் நீயாகவே அணைந்து மறுபடி எழுந்துகொள் என்று அதற்கு உத்தரவு கொடுப்பாள். மாற்றம் சொதப்பி, தன் வழியையே தான் அடைத்துக்கொண்டாலும் பத்து நிமிஷத்தில் ரவுட்டர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சரியாக வந்தால் உத்தரவை ரத்து செய்துவிடலாம். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் இதைத் தவறவிட்டதில்லை. அன்றும் கொடுத்தாள். பிறகு ஒன்பது வரியையும் ஃபில்டரையும் ஏற்றி விசையைத் தட்டினாள்.

தலைமை ரவுட்டரின் ஜன்னல் அப்படியே உறைந்தது. கதவின் பச்சை விளக்கு சிவப்பானது. போனைக் காதில் வைத்துப் பார்த்தாள், செத்துக் கிடந்தது. எங்கேயோ தப்பு. இருக்கட்டும், பத்து நிமிஷம்தானே என்று நாற்காலியில் சாய்ந்து, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். ஒரு நிமிஷம் இருக்கும்போது திரையில் எச்சரிக்கை வரி ஒன்று ஓடியது. அவள் பார்க்கவில்லை.

பத்தாவது நிமிஷம் அவள் கண்ணெதிரே இருந்த ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

உத்தரவைத் தப்பான ஜன்னலில் தட்டிவிட்டிருந்தாள். அணைந்து எழ வேண்டியது அங்கே. எழுந்து நின்றது இங்கே, அதுவும் சேமிக்காத தொண்ணூற்றாறை மறந்து, சமர்த்தாகப் பழைய பதினேழோடு. தலைமை ரவுட்டரோ அவள் சொன்ன சொல் தட்டாமல் ஒன்பது வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு எந்தக் கெடுவும் கிடையாது.

மறுபடி தொண்ணூற்றாறைப் போட்டாள். விளக்கு சிவப்புதான். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தெற்கை ஒரே வரியாக எழுதும்போது தொண்ணூற்றைந்தோடு நிறுத்திவிட்டிருந்தாள். இத்தனை வருஷமாக அங்கேதான் ஆள் முடிந்தது. அவள் தலைக்குள் தெற்கும் அங்கேயே முடிந்துபோயிருந்தது. புது எண்ணை எல்லைக்கு வெளியே வைத்துவிட்டு எல்லைக் கதவைச் சாத்தியாயிற்று. ஒரே ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். ஆனால் அதைத் திருத்தும் இடம் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது.

தொண்ணூறாம் எண்ணை இரவல் வாங்கிப் பார்த்தால்? போட்டாள். தெற்கு ரவுட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்த நிலையம் பதினேழு என்றோ தொண்ணூற்றாறு என்றோ சொன்னால் மட்டும் நம்பு, வேறு எது சொன்னாலும் நம்பாதே என்று அதற்கு ஃபில்டர் போட்டு வைத்தவள் யார்? இவளேதான், போன வாரம்தான். அவ்வளவு கச்சிதமாக வேலை செய்ததற்காக முதல் முறையாகத் தன்னையே திட்டிக்கொண்டாள். மறுபடி தொண்ணூற்றாறையே போட்டாள்.

கைபேசியில் சிக்னல் பூஜ்யம். கதவைத் தட்டினாள், உதைத்தாள். பழுது என்று ஒட்டியிருந்த பொத்தானை இருபது முறையாவது அமுக்கியிருப்பாள். கத்தியும் பார்த்தாள், பம்ப் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பம்ப் பாட்டுக்கு ஓடியது. ஊருக்குத் தண்ணீர் குறைவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. குடிநீர் வாரியத்தின் பொறியாளர், ஆள் நுழையும் அகலக் குழாய்க்குப் பக்கத்தில், நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தாள். பம்புக்கு எண்ணெய் போடுபவர் திங்கள்கிழமைதான் வருவார். எங்கே போனாள் என்று அலுவலகத்தில் தேடினால் "தெற்கு - பணி". தெற்கில் முப்பத்து மூன்று நிலையம் இருந்தது.

பயந்தாள். நன்றாகவே பயந்தாள். மணி இரண்டரை. ஐந்து மணிக்கு மேலாளர் கிளம்பிவிடுவார். திங்கள்வரை இங்கேயே கிடக்க நேர்ந்தால் என்ன ஆவது என்பதைவிட, படிவம் போய்ச் சேராதே என்பதுதான் அவளை அதிகமாக வதைத்தது. பைக்குள் கைவிட்டுப் படிவத்தை எடுத்தாள். ஏழு கட்டம், ஏழும் நிரப்பியாயிற்று. பெயர், பதவி, சர்வீஸ், கேட்கும் ஊர், காரணம், மேலதிகாரி. ஏழாவது கட்டம்: உங்கள் பொறுப்பை ஏற்பவர் பெயர். அதில் அவளுடைய அழகான கையெழுத்தில், "தகுதியானவர் எவரும் இல்லை" என்று இருந்தது.

முந்தின ராத்திரி யோசிக்காமல் எழுதியது. போன வருஷமும் அதைத்தான் எழுதினாள். அதற்கு முந்தின வருஷமும்.

வேறு வேலை எதுவும் இல்லாததால் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு படிவம். ஆறிலும் இதே வரி. மேலாளர் விடவில்லை, வாரியம் விடவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். போவதற்கு அனுமதி கேட்டுவிட்டு, அதே தாளில், அனுமதித்தால் இங்கே குடிமுழுகிப்போகும் என்றும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். எந்த மேலாளர் அனுப்புவார்? மகள் எட்டாவது படிக்கும்போது, "அம்மா, நீ நிஜமாவே கேட்டியா?" என்று போனில் கேட்டது நினைவுக்கு வந்தது. அன்று இவளுக்கு வந்த கோபம்! இப்போது உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். பம்ப் சத்தம் அதற்கு மட்டும் வசதியாக இருந்தது.

மூன்று இருபதுக்குக் கதவுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

முதலில் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து, நாற்காலியை நடுவில் போட்டு நிறுத்தினாள். அதற்குப்பின்தான் லேப்டாப்பைப் பார்த்தாள். எண் தொண்ணூற்றாறு நிலையாக இருந்தது, அதைச் சேமித்தாள். தலைமை ரவுட்டருக்குள் நுழைந்து, கடைசியாக யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தாள். மூன்றே மூன்று வரி. பத்து நிமிஷத்தில் அணைந்து எழுந்துகொள் என்ற உத்தரவு. தெற்கு எல்லை நூற்று இருபத்தேழு வரை என்ற திருத்தம். உத்தரவு ரத்து. அவள் செய்வது போலவே, அதே வரிசையில், ஆனால் சரியான ரவுட்டரில்.

மேஜைப் போனை எடுத்து அலுவலகத்துக்கு அடித்தாள். மீட்டர் அண்ணன் எடுத்தார்.

"மேடம், கதவு தொறந்துதா?"

"தொறந்துது அண்ணா. பாஸ்வேர்டு எப்படி கிடைச்சுது?"

மேலாளர் அலமாரியில் அவசரத்துக்கென்று அவள் ஒட்டி வைத்திருந்த உறையை, மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிரித்ததாக அவர் நிதானமாக விவரித்தார். பதினேழாம் நிலையம் திரையிலிருந்து காணாமல் போனதும் அவள் கைபேசிக்கு அடித்திருக்கிறார், கிடைக்கவில்லை. தெற்கு ரவுட்டரைப் பார்த்தால் புதிதாகத் தொண்ணூற்றாறு என்று ஒன்று வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. யாரோ உள்ளே உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

"என் நோட்டுல தெற்கு நூத்தி இருபத்தேழு வரைக்கும் கட்டம் போட்டு வச்சிருக்கேன். உங்க வரியில தொண்ணூத்தஞ்சுன்னு இருந்துச்சு. நீங்க தப்புப் பண்ண மாட்டீங்களேன்னு முதல்ல என் நோட்டைத்தான் சந்தேகப்பட்டேன் மேடம். அதுலயே அரை மணி நேரம் போயிடுச்சு."

ஏழு வருஷமாகப் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்த கட்டங்கள் என்னவென்று ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கலாம்.

அலுவலகம் வந்து சேர்ந்தபோது நாலு முப்பத்தைந்து. நேராக அவர் மேஜைக்குப் போனாள். படிவத்தை வைத்து, ஏழாவது கட்டத்தில் இருந்த வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டாள். பேனா அப்படியே நின்றது. என்ன எழுதுவது? மீட்டர் என்றா?

"அண்ணா, உங்க முழுப் பேரு என்ன?"

அவர் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார். படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். அடித்த வரியையும் படித்தார்.

"சொல்றேன் மேடம். ஆனா கட்டத்துல என் பேரோட நிறுத்தாதீங்க. கீழயே இன்னொருத்தர் பேருக்கும் இடம் விடுங்க. எனக்கும் வீடு இருக்கு."

அவள் தலையாட்டினாள். அவர் முழுப் பெயரைச் சொன்னார், அவள் எழுதினாள். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டாள். மீதமிருக்கும் நாட்களில் நோட்டை இருவருமாக உட்கார்ந்து நிரப்புவதென்றும், மூன்றாவதாக ஓர் ஆளையும் உட்கார வைப்பதென்றும் பேசிக்கொண்டார்கள்.

மேலாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதலில் ஏழாவது கட்டத்தைத்தான் பார்த்தார். "இதைத்தாம்மா நான் ஒவ்வொரு வருஷமும் தேடுவேன்" என்று சொல்லி, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டார். ஒன்பது வரியை அவர் பார்க்கக்கூட இல்லை.

மாடிப்படியில் நின்று மகளுக்குப் போன் செய்தாள். படிவம் கொடுக்கும் நாள் என்று மகளுக்குத் தெரியும். எடுத்ததும் சலிப்போடுதான் பேசினாள்.

"என்னம்மா, இந்தத் தடவையும் விட மாட்டேங்கறாங்களா?"

"கையெழுத்துப் போட்டுட்டாரு. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்புறம் இன்னொண்ணு. இத்தனை வருஷம் அவங்க விடாம இல்ல. நான் இல்லாட்டி நடக்காதுன்னு ஒவ்வொரு தடவையும் நானே எழுதிக் கொடுத்திருக்கேன்."

மறுமுனையில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அலமாரியில உன்னோட தட்டுல என் துணியை வச்சிருக்கேன்மா" என்றாள் மகள். "நீ வர மாட்டேன்னு மூணு வருஷம் முன்னாடியே எடுத்துக்கிட்டேன். ஒழிச்சுத் தரேன். ஒரு வாரம் டைம் குடு."